வீட்டில் ரயில் ஓட்ட எந்த ஸ்கேல்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாதிரி ரயில் வைக்க ஆசைப்படுகிறவர்கள் பெரும்பாலும் "எந்த எஞ்சின் வாங்கலாம்?" என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். நான் திருப்பிக் கேட்பது, "எங்கே வைக்கப்போகிறீர்கள், அந்த இடம் எத்தனை அடி?" என்பது. கிள்ளானில் அப்பா வீட்டுப் பின்னறையில் சற்றுப் பெரிய ஓஓ ஸ்கேலில் தொடங்கி, செந்தூலில் அடுக்குமாடி வீட்டுக்கு வந்தபின் சின்னதான 'என்' ஸ்கேலுக்கு மாறியவன் நான். அந்த இரண்டு வீடுகளில் கற்றுக்கொண்டதைத்தான், கோலாலம்பூர், பினாங்கு நண்பர்கள் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகளுக்குப் பதிலாக இங்கே எழுதியிருக்கிறேன். அவசரப்பட்டு ஒரு ஸ்கேலை வாங்கிவிட்டு, ஆறே மாதத்தில் எல்லாவற்றையும் அட்டைப்பெட்டியில் கட்டி அலமாரி மேல் ஏற்றியவர்களைப் பார்த்திருக்கிறேன். பார்க்கவே கஷ்டமாக இருக்கும்.

N என்ற ஆங்கில எழுத்தைத் தமிழில் 'என்' என்று எழுதினால் 'என்னுடைய' என்று படித்துவிட வாய்ப்பு உண்டு. அதனால் இந்தப் பக்கம் முழுக்க அதை 'என்' ஸ்கேல் என்று மேற்கோள் குறிக்குள் எழுதுகிறேன்.

ஸ்கேல், கேஜ் இரண்டும் ஒன்றுதானா?

இல்லை. நிஜ ரயிலை எத்தனை மடங்கு சுருக்கியிருக்கிறார்கள் என்பது ஸ்கேல். 1:87 என்றால் நிஜத்தில் 87 மீட்டர் நீளமுள்ளது மேசையில் 1 மீட்டர். கேஜ் என்பது இரண்டு தண்டவாளங்களுக்கு நடுவே உள்ள இடைவெளி. ஒரே கேஜில் இரண்டு மூன்று ஸ்கேல்கள் ஓடலாம். இதைப் புரிந்துகொள்ளாமல் வாங்கினால் எஞ்சின் ஓடும், ஆனால் பக்கத்தில் நிற்கும் வீடும் மனிதனும் அதோடு ஒட்டாமல் நிற்கும்.

என்னென்ன ஸ்கேல்கள் கிடைக்கின்றன?

பெரியதிலிருந்து வருகிறேன். ஜி ஸ்கேல் (1:22.5) 45 மி.மீ. தண்டவாளத்தில் ஓடும், ஜெர்மனியின் எல்ஜிபி நிறுவனம் 1968இல் கொண்டுவந்தது. தோட்டத்தில் ஓட்டுவதற்காகவே பிறந்தது என்று சொல்லலாம். ஓ ஸ்கேலுக்கு 32 மி.மீ. தண்டவாளம், அமெரிக்காவில் 1:48, ஜெர்மனியில் 1:45, இங்கிலாந்தில் 1:43.5. அடுத்து ஒரே 16.5 மி.மீ. தண்டவாளத்தில் ஓடும் இரட்டையர்: ஆங்கிலேயரின் ஓஓ (1:76), உலகத்தில் மற்ற எல்லோரும் வைத்திருக்கும் எச்ஓ (1:87). பிறகு டிடி, 1:120, 12 மி.மீ. அதற்கும் கீழே 'என்' ஸ்கேல், 9 மி.மீ. தண்டவாளம். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் அது 1:160, இங்கிலாந்தில் 1:148, ஜப்பானில் சாதாரண ரயில்களுக்கு 1:150, புல்லட் ரயில்களுக்கு 1:160. கடைசியில் இசட், 1:220, 6.5 மி.மீ.; ஜெர்மனியின் மார்க்லின் நிறுவனம் 1972இல் வெளியிட்டது.

எண்ணாகச் சொன்னால் மனசில் நிற்காது. 20 மீட்டர் நீளமுள்ள ஒரு பயணிகள் பெட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். ஜி ஸ்கேலில் அது 89 செ.மீ., கிட்டத்தட்ட மூன்று அடி. ஓ ஸ்கேலில் 44 செ.மீ. ஓஓவில் 26, எச்ஓவில் 23, டிடியில் 17. 'என்' ஸ்கேலில் 13 செ.மீ.க்குச் சற்று மேல், இசட்டில் 9. ஒரு தாளில் இந்த நீளங்களுக்குக் கோடு போட்டுச் சுவரில் ஒட்டிப் பாருங்கள். பாதிப் பேருக்கு அங்கேயே பதில் கிடைத்துவிடும்.

என் அறை பத்துக்குப் பத்து. எது பொருந்தும்?

இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் விரிவாகவே பதில் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் ஊர் அடுக்குமாடி வீடுகளில் 'மூன்றாவது அறை' என்று சொல்வது பெரும்பாலும் இந்த அளவுதான். அதுவும் முழுசாக நமக்குக் கிடைக்காது. துணி மடிக்கும் மேசை, சூட்கேஸ், விருந்தாளி வந்தால் விரிக்கும் மெத்தை எல்லாம் அங்கேதான் இருக்கும்.

இடத்தைச் சாப்பிடுவது நேர்த்தடம் இல்லை, வளைவுதான். நேர்த்தடத்தைச் சுவரோரமாக எங்கேயாவது ஒதுக்கிவிடலாம். ரயில் திரும்பி வர வேண்டும் என்றால் அரைவட்டம் வேண்டும், அந்த அரைவட்டத்தின் அகலம்தான் பலகையின் அகலம். ஓஓ, எச்ஓ தயார் தண்டவாளங்களில் பலரும் வாங்கும் இரண்டாவது வளைவின் ஆரம் 438 மி.மீ. இரு பக்கமும் சேர்த்து 876. அதோடு தண்டவாளக் கட்டையின் பாதி, பெட்டி வளைவில் வெளியே நீட்டுகிற அளவு, ரயில் விழாமல் இருக்க விளிம்பில் கொஞ்சம் இடம் என்று சேர்த்தால் ஒரு மீட்டருக்குக் குறையாத பலகை வேண்டும். 'என்' ஸ்கேலில் பலர் வாங்கும் 282 மி.மீ. ஆர வளைவுக்கு 70 செ.மீ. பலகை போதும்.

இப்போது கையை நீட்டுங்கள். நின்றபடி மேசை மேல் சாய்ந்து, எதையும் இடிக்காமல், தடம் புரண்ட பெட்டியை எடுத்து வைக்க முடிகிற தூரம் ஏறக்குறைய 75 செ.மீ. அதற்கு மேல் போனால் சட்டைக் கை சிக்னலைப் பிடித்து இழுக்கும். 70 செ.மீ. பலகையைச் சுவரோடு ஒட்டிப் போடலாம். நான்கடி அகலப் பிளைவுட்டைச் சுவரோடு ஒட்டிப் போட்டால் பின்பக்கத் தடம் கைக்கு எட்டாது. நான்கு பக்கமும் நடமாட வழி விட்டால் அறையே போச்சு. எட்டுக்கு நான்கடிப் பலகையைப் பத்துக்குப் பத்து அறையில் வைத்தால் நீளவாக்கில் மிஞ்சுவது இரண்டடி மட்டும்.

நான் எல்லோருக்கும் சொல்லும் பரிசோதனை இது. பழைய நாளிதழ்களை ஒட்டி, வாங்க நினைக்கும் ஸ்கேலுக்குரிய பலகை அளவில் வெட்டுங்கள். வைக்கப்போகிற இடத்தில் தரையில் விரித்து, நான்கு மூலைக்கும் செல்லோடேப் போடுங்கள். மூன்று நாள் அப்படியே விட்டுவிடுங்கள். கதவு திறக்கிறதா, அலமாரி இழுப்பறை வெளியே வருகிறதா, இராத்திரி தண்ணீர் குடிக்கப் போகிறவர் அதை மிதிக்காமல் போகிறாரா என்று பாருங்கள். பினாங்கில் ஒரு நண்பர் எச்ஓதான் என்று உறுதியாக இருந்தவர், இரண்டாம் நாள் காலையில் பேப்பர் நடுவில் கிழிந்து கிடந்த படத்தை அனுப்பினார். அவருடைய அம்மா துணி காயப்போட பால்கனிக்குப் போகும் வழி அது.

அப்படியென்றால் எல்லோருக்கும் 'என்' ஸ்கேல்தானா?

அடுக்குமாடி வீட்டில் ரயில் வளைந்து வளைந்து ஓடுவதைப் பார்க்க ஆசை என்றால், ஆம், என் பதில் 'என்' ஸ்கேல்தான். அதில் எனக்குத் தயக்கமே கிடையாது. ஆறு பெட்டி ரயில் 80 செ.மீ.யில் அடங்கிவிடுகிறது, எச்ஓவில் அதுவே 1 மீட்டர் 38 செ.மீ. என்னுடையது ஒரு சாதாரணக் கதவுப் பலகை மேல் இருக்கிறது, 2 மீட்டர் 10 நீளம், 90 செ.மீ. அகலம். ஹார்ட்வேர் கடையில் வாங்கிய உள்கூடான கதவு, எடை குறைவு, வளையாது. அதில் 348, 315 மி.மீ. ஆரத்தில் இரட்டைத் தடம் போட்டிருக்கிறேன். விருந்தாளி வந்தால் ரயில்களை எடுத்து வைத்துவிட்டுக் கதவை நிமிர்த்திச் சுவரோரம் சாய்த்துவிடுவேன்.

ஆனால் எஞ்சினைக் கையில் எடுத்துப் பார்ப்பது, பழுது பார்ப்பது, வர்ணம் பூசுவது, சத்தம் கேட்பது இதெல்லாம்தான் உங்களுக்கு ரயில் என்றால் எச்ஓ அல்லது ஓஓ எடுங்கள். இடம் போதவில்லை என்றால் ரயிலைச் சுற்ற விடாமல் சுவரோரப் பலகையில் முன்னும் பின்னும் ஓட்டலாம். அதைப் பற்றித் தனியாகக் கீழே எழுதியிருக்கிறேன்.

வளைவின் அழகைப் பற்றி ஒரு வார்த்தை. பெட்டி நீளத்தைப் போல் மூன்று மடங்காவது ஆரம் இருந்தால்தான் நீண்ட பெட்டிகள் வளைவில் உறுத்தாமல் போகும். எச்ஓவில் அது 69 செ.மீ., 'என்' ஸ்கேலில் 40. அதைவிட இறுக்கமான வளைவில் ஓடும், ஆனால் ஒவ்வொரு பெட்டியின் மூலையும் அடுத்ததிலிருந்து விலகி, உடைந்த சங்கிலி மாதிரி தெரியும். இறுக்கமான வளைவுதான் முடியும் என்றால் குட்டையான பெட்டிகளைத் தேர்ந்தெடுங்கள்: சரக்கு வேகன், டிராம், சின்ன நீராவி எஞ்சின்.

நான் கேடிஎம் (மலேசிய ரயில்வே) ரயில்தான் ஓட்ட வேண்டும். எந்த ஸ்கேல்?

இந்தக் கேள்வியைக் கேட்கிறவர்களை எனக்கு ரொம்பப் பிடிக்கும். நம்மில் எத்தனையோ பேர் வீட்டில் தாத்தாவோ பெரியப்பாவோ தண்டவாளத்தில் வேலை பார்த்தவர்கள். பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸ், செந்தூல் பட்டறை என்று குடும்பக் கதையே ரயிலைச் சுற்றித்தான் இருக்கும். பத்துமலைக்குப் போகிற கொம்யூட்டரையும் ஈப்போவுக்குப் போகிற ஈடிஎஸ்ஸையும் மேசை மேல் பார்க்க ஆசைப்படுவது நியாயம்.

சிக்கல் கேஜில் இருக்கிறது. கேடிஎம் மீட்டர் கேஜ், அதாவது 1000 மி.மீ. கடைகளில் குவிந்திருக்கும் மாதிரி ரயில்கள் பெரும்பாலும் 1435 மி.மீ. கேஜுக்காகச் செய்தவை. எச்ஓவின் 16.5 மி.மீ. தடத்தை 87ஆல் பெருக்கினால் 1435 வரும். கேடிஎம்முக்கு அந்த ஸ்கேலில் 11.5 மி.மீ. போதும். கேடிஎம் எஞ்சினை எச்ஓ தடத்தில் ஏற்றினால் சக்கரங்கள் 5 மி.மீ. அதிகமாக அகன்று நிற்கும். முன்னாலிருந்து பார்த்தால் கண்ணுக்குத் தெரியும்.

கணக்குப் போட்டுப் பார்த்தால் மூன்று வழிகள் இருக்கின்றன. 1:87 உடலை டிடியின் 12 மி.மீ. தடத்தில் ஏற்றுவது ஒன்று. இதை எச்ஓஎம் என்பார்கள். சுவிட்சர்லாந்தின் மீட்டர் கேஜ் மலை ரயில்களை ஐரோப்பியர்கள் இப்படித்தான் செய்கிறார்கள், அதனால் தண்டவாளமும் கிடைக்கும். வித்தியாசம் அரை மி.மீ. மட்டும். இரண்டாவது, 1:120 உடலை 'என்' ஸ்கேலின் 9 மி.மீ. தடத்தில் ஏற்றுவது. தேவை 8.3, கிடைப்பது 9. 'என்' தண்டவாளம் தாராளமாகக் கிடைப்பதால் உடலைத் தாங்களே செய்கிறவர்களுக்கு எனக்குத் தெரிந்து மிகச் சுலபமான வழி இது. மூன்றாவது ஜி ஸ்கேல்: 1:22.5 அளவில் 45 மி.மீ. என்றால் 1012 மி.மீ., கிட்டத்தட்ட அசல் மீட்டர் கேஜ். தரை வீடும் பின்பக்கத் தோட்டமும் உள்ளவர்கள் யோசிக்கலாம்.

இவ்வளவு துல்லியம் வேண்டாம் என்கிறவர்களுக்கு நான் சொல்வது, ஜப்பானியர்களைப் பாருங்கள். அவர்களுடைய சாதாரண ரயில்களின் கேஜ் 1067 மி.மீ. அதை 1:150இல் சுருக்கினால் 7 மி.மீ.தான் வரும். ஆனால் அவர்கள் 9 மி.மீ. தடத்திலேயே ஓட்டி, அதற்கேற்ப ஒரு பெரிய தொழிலையே வளர்த்துவிட்டார்கள். 2 மி.மீ. வித்தியாசம் பக்கவாட்டில் பார்க்கும்போது கண்ணில் படாது. இன்னொரு சந்தோஷமான விஷயம்: ஜப்பானில் ஓடிய '14 தொடர்' என்ற வகைத் தூங்கும் வசதிப் பெட்டிகளில் சில, சக்கர இடைவெளியை மீட்டர் கேஜுக்கு மாற்றி மலேசியாவுக்கு வந்தன. அந்தப் பெட்டிகளை ஜப்பானிய மாதிரி ரயில் நிறுவனங்களான காட்டோவும் டோமிக்ஸும் 'என்' ஸ்கேலில் செய்திருக்கின்றன. ஆக, நம் தண்டவாளத்தில் நின்ற பெட்டியையே நேர்த்தியாக வாங்கலாம்.

எல்ஆர்டி, எம்ஆர்டி, கேஎல்ஐஏ எக்ஸ்பிரஸ் மூன்றுக்கும் இந்தத் தலைவலி இல்லை. அவை 1435 மி.மீ. கேஜ், எச்ஓ தடமும் 'என்' தடமும் அப்படியே பொருந்தும்.

ஓஓவும் எச்ஓவும் ஒரே தண்டவாளம்தானே, ஏன் இரண்டு?

பழைய காரணம். ஆங்கிலேய எஞ்சின்கள் ஐரோப்பிய எஞ்சின்களைவிட ஒடுக்கமானவை. அந்தக் காலத்து மோட்டாரை 1:87 உடலுக்குள் நுழைக்க முடியவில்லை. அதனால் உடலை 1:76க்குப் பெரிதாக்கிவிட்டு, தண்டவாளத்தை மட்டும் 16.5 மி.மீ.யிலேயே விட்டுவிட்டார்கள். அந்த ஏற்பாடு இன்றுவரை தொடர்கிறது.

வாங்குகிறவருக்கு இதில் என்ன? எஞ்சினும் பெட்டியும் கலந்து ஓடும். வீடு, மரம், மனிதர்கள் கலக்கக் கூடாது. ஓஓ மனிதன் எச்ஓ மனிதனைவிட ஏழில் ஒரு பங்கு கூடுதல் உயரம்; ஒரே பிளாட்பாரத்தில் நிறுத்தினால் ஒருவர் ராட்சசன் மாதிரி இருப்பார். பிரிட்டிஷ் ரயில் பிடிக்கும் என்றால் ஓஓ, மற்றதெல்லாம் எச்ஓ. மார்க்லின் எச்ஓ வாங்கும்போது மட்டும் கவனம்: அது தடத்தின் நடுவே முனைகள் வைத்த மூன்று தண்டவாள முறை, இரண்டு தண்டவாள எச்ஓவோடு சேராது.

டிடி எப்படி? புதிதாக வருகிறதே?

இங்கிலாந்தின் ஹார்ன்பி நிறுவனம் 2022இல் 1:120 டிடியைத் தொடங்கியபின் நிறையப் பேர் கேட்கிறார்கள். அளவு அருமை: 'என்' போல் இடம் அடைக்காது, எச்ஓ போல் கைக்கு அடங்கும். ஆனால் ஓடுவது பெரும்பாலும் பிரிட்டிஷ், ஜெர்மன் ரயில்கள். அவை பிடித்தால் தயங்காமல் எடுங்கள். ஆசிய ரயில் வேண்டும் என்றால் வேண்டாம்.

மகனுக்கு ஐந்து வயது. அவனுக்காகத்தான் வாங்குகிறேன்.

அப்படியென்றால் ஸ்கேல் கேள்வியை மூன்று வருஷம் தள்ளிப் போடுங்கள். ஐந்து வயதுக் குழந்தைக்கு ரயிலைக் கையால் பிடித்துத் தள்ள வேண்டும், தண்டவாளத்தைப் பிரித்து மறுபடி சேர்க்க வேண்டும். ஜப்பானின் பிளாரெயில், நீல நிறப் பிளாஸ்டிக் தண்டவாளம், பேட்டரியில் ஓடுவது, கோலாலம்பூர்ப் பொம்மைக் கடைகளில் கிடைக்கும். அதில் விளையாடட்டும். 'என்' ஸ்கேல் சக்கரத்தை ஐந்து வயது விரல்கள் தடத்தில் ஏற்ற முடியாது. முடியாததால் அழுகை வரும், அப்புறம் ரயில் மேலேயே வெறுப்பு வரும்.

எட்டு ஒன்பது வயதானால் ஓஓ அல்லது எச்ஓ நல்ல தொடக்கம். பத்துக்கு மேல் பொறுமையான பிள்ளை 'என்' ஸ்கேலையும் கையாளும்.

எனக்கு 58 வயது. கண்ணாடி இல்லாமல் எதுவும் தெரியாது.

எச்ஓ எடுங்கள். 'என்' ஸ்கேலில் பெட்டியைத் தடத்தில் ஏற்ற உதவும் சரிவுத் துண்டு உண்டு, அது வேலையைப் பாதியாக்கும். ஆனால் இணைப்புக் கொக்கி கழன்றால், சக்கரத்தில் நூல் சுற்றினால், சின்னத் திருகாணி தரையில் விழுந்தால் பூதக்கண்ணாடியோடு உட்கார வேண்டும். ஓய்வு நேரத்துக்காகத் தொடங்குவது கண்வலியில் முடியக் கூடாது. இடம் சிறியதென்றால் எச்ஓவில் சுவரோரப் பலகை போடுங்கள்.

பினாங்கில் எங்கள் வீடு நீளமான பழைய கடைவீடு. அகலமே இல்லை. என்ன செய்வது?

அகலம் இல்லாத வீட்டுக்கு நீளம் ஒரு வரம். ஜார்ஜ் டவுன்காரர்களுக்கு ரயில் எப்போதுமே கொஞ்சம் தள்ளித்தான் இருந்திருக்கிறது. கடற்கரையோரம் மணிக்கூண்டோடு நிற்கும் பழைய ரயில்வே கட்டடத்தில் பயணச்சீட்டு வாங்கி, படகில் அக்கரைக்குப் போய்த்தான் ரயில் ஏறினார்கள். தண்டவாளமே இல்லாத ரயில் நிலையம் அது. அந்தக் காட்சியையே ஒரு முனையில் படகுத்துறை, மறுமுனையில் ரயில் முற்றம் என்று 30 செ.மீ. அகலப் பலகையில் அழகாகச் செய்யலாம்.

சுற்று வட்டம் இல்லாவிட்டால் சலிப்பு வராதா என்று கேட்பார்கள். இங்கிள்நூக் என்று ஒரு அமைப்பு இருக்கிறது. மூன்று தடங்கள்: ஒன்றில் ஐந்து வேகன் நிற்கும், மற்ற இரண்டில் மூன்று மூன்று. எஞ்சினோடு மூன்று வேகன் நிற்க முன்னால் ஒரு தடம். மொத்தம் எட்டு வேகன்கள். எட்டில் ஐந்தைச் சீட்டுக் குலுக்கி எடுத்து, அந்த வரிசையிலேயே ஐந்து வேகன் தடத்தில் கோத்து நிறுத்த வேண்டும். கோக்கக்கூடிய வரிசைகள் 6,720. தடம் மாற்றும் பாயின்ட் இரண்டே இரண்டு, ஒரே எஞ்சின். ஒரு சனிக்கிழமை சாயங்காலம் உட்கார்ந்தால் நேரம் போவதே தெரியாது. குட்டை வேகன்களாக இருந்தால் ஓஓவிலேயே ஆறடிப் பலகையில் வசதியாக அடங்கும். என்னைக் கேட்டால், இடம் குறைந்த வீட்டில் அவசரப்பட்டு இறுக்கமான ஒரு வட்டத்தைப் போடுவதைவிட இது எவ்வளவோ மேல்.

மலை, சுரங்கம், மேம்பாலம் எல்லாம் வேண்டுமே?

தைப்பிங்கிலிருந்து தெற்கே வரும்போது பெராப்பிட் மலைச் சுரங்கத்தைக் கடந்தவர்கள் எல்லோரும் இதைக் கேட்பார்கள். மீட்டருக்கு 2 செ.மீ. ஏற்றம்தான் நீண்ட ரயில் சறுக்காமல் ஏறும் அளவு. ஒரு தடத்துக்கு மேல் இன்னொரு தடம் போக 'என்' ஸ்கேலில் 5 செ.மீ. உயரம் வேண்டும், எச்ஓவில் 8 செ.மீ. ஆக, ஏறுவதற்கு மட்டும் 'என்' ஸ்கேலில் இரண்டரை மீட்டர், எச்ஓவில் 4 மீட்டர். இறங்கவும் அதே தூரம். பத்தடி அறையில் எச்ஓ மேம்பாலம் ஏன் கனவாகவே நின்றுவிடுகிறது என்று இப்போது தெரியும். சமதளத்தில் தடத்தைப் போட்டு, தடத்தைச் சுற்றி நிலத்தை மட்டும் ஏற்றி இறக்கினால் கண் மலை என்றே நம்பும்.

நிஜத் தூரத்தை அப்படியே கொண்டுவர யாராலும் முடியாது. 1885 ஜூன் 1இல் திறந்த மலாயாவின் முதல் ரயில் பாதை, தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்ட் வரை, 13 கிலோமீட்டர்கூட இல்லை. அதை எச்ஓவில் போட 147 மீட்டர் வேண்டும், 'என்' ஸ்கேலில் 80 மீட்டர். ஒரு நிலையம், ஒரு பாலம், ஒரு வளைவு என்று பொறுக்கி எடுப்பதுதான் இந்தக் கலை. விரலுக்குத் தகுந்த வீக்கம்.

ஜப்பானிலிருந்து வாங்கினால் இங்கே கரண்டில் ஓடுமா?

ரயில் ஓடும். எச்ஓவும் 'என்' ஸ்கேலும் பொதுவாக 12 வோல்ட் நேர்மின்சாரத்தில் ஓடுகின்றன, எந்த நாடானாலும் அதே. ஆபத்து, தண்டவாளத்துக்கு மின்சாரம் தரும் கட்டுப்பாட்டுப் பெட்டியில்தான். ஜப்பான் உள்நாட்டுச் சந்தைக்குச் செய்தவை பல 100 வோல்ட். நம் வீட்டில் வருவது 230 முதல் 240.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். ஜப்பானுக்குப் பயணம் போய் வந்தவர் ஒருவர் கொண்டுவந்து தந்த கட்டுப்பாட்டுப் பெட்டி. பின் வடிவம் வேறு என்பதால் ஒரு அடாப்டரை மாட்டிச் செருகினேன். அடாப்டர் பின்னைத்தான் மாற்றும், வோல்ட்டை மாற்றாது என்பது அந்த நேரத்தில் புத்தியில் வரவில்லை. பச்சை விளக்கு ஒரு தடவை பளிச்சென்று எரிந்தது, பிறகு பிளாஸ்டிக் கருகும் வாடை. மூன்று விநாடிக்குள் எல்லாம் முடிந்தது. பெட்டியின் பின்னாலோ அடியிலோ உள்ள எழுத்தைப் படியுங்கள். '100-240' என்றிருந்தால் தாராளமாகச் செருகலாம். '100' மட்டும் என்றால் வோல்ட்டைக் குறைக்கும் டிரான்ஸ்பார்மர் கட்டாயம். அமெரிக்கப் பெட்டிகளுக்கும் இதே கதைதான், அங்கே 120.

எஞ்சின் சத்தம், டிஜிட்டல் கட்டுப்பாடு?

எச்ஓவில் ஒலிபெருக்கிக்கும், டிஜிட்டல் கட்டளையை வாங்கும் டிகோடருக்கும் எஞ்சினுக்குள் நல்ல இடம் உண்டு. சத்தமும் ஆழமாக வரும். 'என்' ஸ்கேலிலும் இப்போது செய்கிறார்கள், ஆனால் சர்க்கரை வில்லை அளவு ஒலிபெருக்கியிலிருந்து டீசல் உறுமலை எதிர்பார்க்கக் கூடாது. சத்தம்தான் உங்களுக்கு உயிர் என்றால் எச்ஓ.

நம் ஊர் ஈரப்பதத்தில் எது தாங்கும்?

ஸ்கேல் சின்னதாகச் சின்னதாகக் கவனிப்பு கூடும். கிள்ளான் வீட்டில் மழை மாதங்களில் என் பிளைவுட் இணைப்பு 2 மி.மீ. தூக்கிக்கொள்ளும். ஓஓ எஞ்சின் ஒரு குலுக்கலோடு தாண்டிப் போகும். 'என்' எஞ்சினுக்கு அதே 2 மி.மீ. ஒரு படிக்கட்டு. பிளைவுட்டுக்கு மேலும் கீழும் மட்டும் இல்லாமல், வெட்டிய விளிம்புகளுக்கும் வார்னிஷ் அடியுங்கள். தண்ணீர் குடிப்பது அந்த விளிம்பு வழியாகத்தான். பகலில் வெக்கை, இராத்திரி ஏர்கோன் என்று மாறி மாறி இருக்கும் அறையில் மரம் சுருங்கி விரியும், ஆகவே தண்டவாள இணைப்புகளில் விசிட்டிங் கார்டு தடிமனுக்கு இடைவெளி விடுங்கள். கரையான் பயம் இருந்தால் அலுமினியச் சட்டமும் நுரைப்பலகையும் நல்லது.

தண்டவாளம் நிக்கல் சில்வராக இருக்கட்டும். பித்தளை சீக்கிரம் கறுக்கும், இரும்பு துருப்பிடிக்கும். மருந்துக் கடையில் கிடைக்கும் ஐசோபுரோப்பில் ஆல்கஹாலைத் துணியில் நனைத்துத் துடைத்தால் போதும். உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள், கீறலில் அழுக்கு தங்கும்.

செந்தூலில் என் ரயில் தினமும் காலையில் ஒரே இடத்தில் நின்றுகொண்டிருந்தது. ஒயரைச் சோதித்தேன், இணைப்பைச் சோதித்தேன். கடைசியில் குனிந்து பார்த்தால் தண்டவாளத்தின் மேல் கடுகளவு பல்லி எச்சம். சரியாக டியூப் லைட்டுக்குக் கீழே. விளக்குக்கு வரும் பூச்சியைப் பிடிக்கப் பல்லி அங்கேதான் இரவு முழுக்கக் காத்திருக்கும். எச்ஓவின் கனமான எஞ்சின், அதன் நிறையச் சக்கரங்கள், அதைத் தாண்டிவிடக்கூடும்; 'என்' எஞ்சின் நின்றுவிடும். இப்போது இரவில் தெளிவான பிளாஸ்டிக் விரிப்பால் மூடுகிறேன். துணி வேண்டாம், அதன் நூல் பல்சக்கரத்தில் சுற்றிக்கொள்ளும்.

எங்கே வாங்குவது, செலவு எப்படி?

பெரும்பாலும் இணையத்தில், வெளிநாட்டிலிருந்து. 500 ரிங்கிட்டுக்கு மேற்போகாத இறக்குமதிப் பொருளை இணையத்தில் வாங்கினால் 2024 ஜனவரி 1 முதல் 10 விழுக்காடு விற்பனை வரி உண்டு. தபால் செலவோடு அதையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். சின்ன ஸ்கேல் என்பதால் எஞ்சின் விலை பாதியாகிவிடும் என்று நினைக்க வேண்டாம். மிச்சமாவது பலகை, நிலம், கட்டடம், தபால் எடை இவற்றில்தான்.

வாங்கிய பிறகு ஸ்கேலை மாற்றலாமா?

மாற்றலாம், நானே மாற்றியவன். ஆனால் ஒரே தடத்தில் ஓடும் ஓஓ, எச்ஓ தவிர மற்றவற்றில் எஞ்சின், பெட்டி, தண்டவாளம், வீடு, மரம் என்று ஒன்றுகூடப் புதிய ஸ்கேலுக்கு வராது; கட்டுப்பாட்டுப் பெட்டி மட்டும் வரும். அதனால் முதல் தடவை குறைவாக வாங்குங்கள். ஒரு எஞ்சின், மூன்று பெட்டி, ஒரு நீள்வட்டத் தடம், ஒரே ஒரு பாயின்ட். பலகை வாங்காதீர்கள். நீங்கள் வெட்டி வைத்த அந்த நாளிதழ் மேலேயே தடத்தைக் கோத்து ஒரு மாதம் ஓட்டுங்கள். தரையில் குப்புறப் படுத்து, கண்ணைத் தண்டவாள மட்டத்துக்குக் கொண்டுபோய், ரயில் வளைவில் திரும்பி உங்களை நோக்கி வருவதைப் பாருங்கள். எஞ்சினையும் பெட்டிகளையும் அவை வந்த அசல் அட்டைப்பெட்டியோடு பத்திரப்படுத்துங்கள். மாற்ற நினைத்து விற்கும்போது அட்டைப்பெட்டி இருக்கிற எஞ்சினுக்குத்தான் நல்ல விலை கிடைக்கும்.